அமெரிக்காவில் மெடிக்கல் அசிஸ்டன்ட் வேலை: சம்பளம், சான்றிதழ், அடுத்த படி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூஜெர்சியில் ஒரு குடும்ப மருத்துவரின் கிளினிக்கில் மெடிக்கல் அசிஸ்டன்டாக இருக்கிறேன். தமிழ்ப் பள்ளி வாசலிலும் கோயில் சாப்பாட்டு வரிசையிலும் என்னிடம் ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். கேட்பவர்கள் பெரும்பாலும் கணவரின் வேலைக்காக இங்கே வந்து, சில ஆண்டுகள் வீட்டில் இருந்துவிட்டு, இப்போது வேலை தேடும் பெண்கள். பிள்ளைகளை மருத்துவம் படிக்க வைக்க நினைக்கும் பெற்றோரும் உண்டு. கேள்விகளை அவர்கள் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். வேறு மாதிரி சொல்லாத இடங்களில், சம்பள எண்கள் அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை 2024 மே மாதத்துக்கு வெளியிட்டவை. விசா பற்றிச் சொல்வதை ஒரு குடிவரவு வக்கீலிடம் உறுதிசெய்துகொண்டு இறங்குங்கள்.

அக்கா, மெடிக்கல் அசிஸ்டன்ட்னா என்ன வேலை? நர்ஸ் மாதிரிதானே?

நர்ஸ் இல்லை. நர்ஸுக்கு மாநில உரிமம் உண்டு, நோயாளியின் நிலையைத் தானே மதிப்பிட்டு முடிவெடுக்கும் அதிகாரம் உண்டு. மெடிக்கல் அசிஸ்டன்ட், சுருக்கமாக எம்.ஏ., டாக்டரின் பொறுப்பில், அவர் சொன்னதைச் செய்பவர். பெரும்பாலும் கிளினிக்கில்தான் வேலை. நோயாளியை அறைக்கு அழைத்துப் போய் உட்கார வைப்பது, எடை, ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு பார்ப்பது, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டுக் கணினியில் ஏற்றுவது, ஈ.கே.ஜி. (நம் ஊர் ஈ.சி.ஜி.) எடுப்பது, ரத்தம் எடுப்பது, மாநிலம் அனுமதித்தால் தடுப்பூசி போடுவது. மீதி நேரமெல்லாம் போனும் திரையும்தான். மாத்திரை ரீஃபில் கேட்டு வரும் செய்திகள், இன்ஷூரன்ஸ்காரர்களிடம் முன் அனுமதி வாங்குவது, ரிப்போர்ட் வரவில்லை என்று லேபைத் துரத்துவது.

சின்ன வேலை என்று நினைத்துவிடாதீர்கள். ரத்த அழுத்தம் பார்ப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளி ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும், முதுகு சாய்ந்திருக்க வேண்டும், கால்மேல் கால் போடக் கூடாது, பாதம் தரையில் படிய வேண்டும், கை இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும், பட்டை சட்டையின் மேல் இல்லாமல் தோலின் மேல் இருக்க வேண்டும். இதில் எதை விட்டாலும் அளவு கூடிக் காட்டலாம். அந்த அளவை நம்பித்தான் டாக்டர் மாத்திரையைக் கூட்டுவார்.

பி.ஏ.ன்னு சொல்றாங்களே, அதுவும் இதுவும் ஒண்ணா? எங்க நாத்தனார் பொண்ணு பி.ஏ., லட்சத்துக்கு மேல சம்பளமாம்.

இரண்டும் வேறு வேறு. பி.ஏ. என்பது பிசிஷியன் அசிஸ்டன்ட். இளங்கலைப் பட்டத்துக்குப் பிறகு முதுநிலைப் படிப்பு, தேசியத் தேர்வு, மாநில உரிமம் எல்லாம் முடித்து, நோயைக் கண்டறிந்து மருந்து எழுதுபவர். நடுநிலைச் சம்பளம் ஆண்டுக்கு 1,33,260 டாலர். எம்.ஏ.வாக வேலை பார்த்து, பிறகு படித்து பி.ஏ. ஆனவர்கள் நிறைய இருக்கிறார்கள். வேலைச் சீனியாரிட்டி மட்டும் வைத்துக்கொண்டு யாரும் பி.ஏ. ஆக முடியாது.

சரி, சம்பளம் எவ்வளவு? ஒளிக்காம சொல்லுங்க.

நாடு முழுவதும் பார்த்தால் நடுநிலைச் சம்பளம் ஆண்டுக்கு 44,200 டாலர். மணிக் கணக்கில் 21 டாலரும் சொச்சமும். அதாவது பாதிப் பேர் இதற்கு மேல், பாதிப் பேர் இதற்குக் கீழ். அடிமட்டத்தில் உள்ள பத்து சதவீதத்தினர் 35,000 டாலரை ஒட்டியோ அதற்குக் கீழோ வாங்குகிறார்கள். உச்சியில் உள்ள பத்து சதவீதத்தினர் 57,000 டாலருக்கு மேல். இந்த இடைவெளியை மனதில் வையுங்கள். எவ்வளவு காலம் வேலை பார்த்தாலும் எம்.ஏ. என்ற பெயரிலேயே இருந்தால் இந்தக் கூரைக்குள்தான் இருப்பீர்கள்.

எங்கே வேலை என்பதும் முக்கியம். வெளிநோயாளர் மையங்களில் 47,000 டாலரைத் தாண்டுகிறது, மருத்துவமனைகளில் 46,000ஐ ஒட்டி, தனி டாக்டர் கிளினிக்குகளில் 44,000க்குச் சற்றுக் கீழே. வாஷிங்டன், கலிஃபோர்னியா, ஆரெகன் மாதிரி மேற்குக் கரை மாநிலங்களில் கூடுதல்; மிசிசிப்பி, லூசியானா, அலபாமா மாதிரி தெற்கு மாநிலங்களில் குறைவு. கலிஃபோர்னியாவில் மருத்துவத் துறைக்கென்று தனிக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இருக்கிறது. 2024 அக்டோபர் 16 முதல், 10,000 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள பெரிய மருத்துவக் குழுமங்களில் மணிக்கு 23 டாலருக்குக் கீழே யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று ஆனது. 2025 ஜூலையில் அது 24 டாலர், 2026 ஜூலையில் 25 டாலர். அங்கே வீட்டு வாடகை என்ன என்பதையும் சேர்த்துத்தான் இதைப் பார்க்க வேண்டும்.

மணிக்கூலி என்பதில் ஒரு நன்மை உண்டு. வாரத்தில் நாற்பது மணிக்கு மேல் போனால் சட்டப்படி ஒன்றரை மடங்கு தர வேண்டும். மதிய இடைவேளையில் ஊசி போட்டுக்கொண்டிருந்தால் அது இடைவேளை இல்லை, வேலை நேரம். கணக்கில் எழுதச் சொல்லுங்கள்.

கையில எவ்வளவு நிக்கும்? குழந்தைய டே கேர்ல விட்டுட்டுப் போனா கட்டுமா?

இந்தக் கேள்வியை வேலைக்கு விண்ணப்பித்த பிறகு கேட்பவர்கள்தான் அதிகம். முன்னாலேயே கேட்பது நல்லது. மணிக்கு 20 டாலர், வாரம் 40 மணி என்றால் 800 டாலர். அதில் சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் பிடித்தம் 7.65 சதவீதம், அதாவது 61 டாலர். நீங்களும் கணவரும் சேர்ந்து வரி தாக்கல் செய்கிறீர்கள், அவருடைய ஐ.டி. சம்பளம் ஏற்கெனவே 22 சதவீத வரி அடுக்கில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் சம்பளம் அதன் மேல்தான் போய் உட்காரும். எனவே முதல் டாலரிலிருந்தே 22 சதவீதம், 176 டாலர் போகும். மிச்சம் 563 டாலர். மாநில வரி உள்ள இடத்தில் இன்னும் குறையும். டெக்சஸில் அது கிடையாது.

இப்போது உங்கள் ஊர் டே கேர் வாரக் கட்டணத்தை இதிலிருந்து கழியுங்கள். கைக்குழந்தை என்றால் பல ஊர்களில் மிச்சம் பெட்ரோலுக்குத்தான் காணும். இரண்டு குழந்தை என்றால் கையிலிருந்து போட வேண்டிவரும். இதைச் சொல்வது உங்களை வீட்டில் உட்கார வைக்க இல்லை. குழந்தை பள்ளிக்கூடம் போகும் வயதில் சேர்ந்தால் கணக்கு மாறிவிடும். பள்ளி நேரத்துக்குள் முடியும் பகுதி நேர வேலை சின்ன கிளினிக்குகளில் கிடைக்கும். கணவர் வேலையை இழந்தால் குடும்பத்துக்கே இன்ஷூரன்ஸ் கொடுக்கக்கூடிய வேலை உங்கள் கையில் இருப்பதற்கும் ஒரு மதிப்பு உண்டு. பெரிய மருத்துவக் குழுமங்களில் சேருபவர்கள் மணிக்கூலியை மட்டும் பார்க்காமல் இதையும் பாருங்கள்.

எனக்கு ஹெச்4 விசா. படிக்கலாமா? வேலை பார்க்கலாமா?

படிக்கலாம். வேலை பார்க்க ஈ.ஏ.டி. என்ற வேலை அனுமதி அட்டை வேண்டும். ஹெச்4 என்பது ஹெச்1பி வேலை விசாவில் இருப்பவரின் துணைக்கான விசா; ஈ.ஏ.டி. எல்லா ஹெச்4 காரர்களுக்கும் கிடைக்காது. 2015 மே மாதத்திலிருந்து நடப்பில் உள்ள விதிப்படி, உங்கள் கணவருக்கோ மனைவிக்கோ ஐ-140 (முதலாளி தாக்கல் செய்யும் கிரீன் கார்டு மனு) அனுமதி ஆகியிருக்க வேண்டும், அல்லது அவருடைய ஹெச்1பி ஆறு ஆண்டு வரம்பைத் தாண்டி நீட்டிக்கப்பட்டிருக்க வேண்டும். எல்2 விசாவில் வந்த மனைவி அல்லது கணவருக்கு 2021 நவம்பர் முதல் தனி ஈ.ஏ.டி. இல்லாமலே வேலை உரிமை இருக்கிறது, ஐ-94 வருகை ஆவணத்தில் அதற்கான குறியீடு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

படிப்பில் ஒரு சிக்கல் இருக்கிறது. பெரும்பாலான எம்.ஏ. படிப்புகளின் கடைசியில் ஒரு கிளினிக்கில் சம்பளமில்லாப் பயிற்சி உண்டு. ஈ.ஏ.டி. இல்லாதவர்கள் பணம் கட்டிச் சேர்வதற்கு முன்னாலேயே கல்லூரியிடமும் வக்கீலிடமும் அந்தப் பயிற்சியைப் பற்றிக் கேட்டுவிடுங்கள். படிப்பை முக்கால்வாசி முடித்துவிட்டு அங்கே நின்றுபோனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர், நம்ம ஊர்க்காரர். 'சும்மா கிளினிக்குக்கு வா, கத்துக்கோ, அப்புறம் பாத்துக்கலாம்'ங்கறார். போகலாமா?

வேலை உரிமை இல்லாதவர்கள் போகவே போகாதீர்கள். அவர் நல்ல மனதோடுதான் கூப்பிட்டிருப்பார். ஆனால் லாபத்துக்கு நடக்கும் கிளினிக்கில், மற்றவர் சம்பளத்துக்குச் செய்யும் வேலையை நீங்கள் இலவசமாகச் செய்தால், குடிவரவுச் சட்டத்தின் கண்ணில் அது அனுமதியில்லாத வேலையாகப் படலாம். கிரீன் கார்டுக்கு வரிசையில் நிற்கும் குடும்பம் இதற்காகத் துணியக் கூடாது.

வேலை உரிமை இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். வேலை கற்றுக்கொள்ளும் நாட்களுக்கும் கூலி உண்டு. 'ஊர்க்காரர், எப்படிக் கேட்பது' என்று கூச்சப்பட்டு மாதக் கணக்கில் இலவசமாக உழைத்த பெண்களை எனக்குத் தெரியும். முதல் நாளே கேளுங்கள்.

கோர்ஸ் கட்டாயமா? நேரா வேலைக்குச் சேர முடியாதா?

மாநிலத்தைப் பொறுத்தது. முதலில் உங்கள் மாநில விதியைப் பாருங்கள், பிறகு கல்லூரியைத் தேடுங்கள். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

வாஷிங்டன் மாநிலத்தில் சுகாதாரத் துறையின் அங்கீகாரம் இல்லாமல் எம்.ஏ. வேலையே பார்க்க முடியாது. நியூஜெர்சியில் ஊசி போட வேண்டும் என்றால் அங்கீகாரம் பெற்ற படிப்பும் சான்றிதழும் வேண்டும். கலிஃபோர்னியாவில் சான்றிதழ் கட்டாயமில்லை. ஆனால் ஊசி போட குறைந்தது பத்து மணி நேரம், ரத்தம் எடுக்கப் பத்து மணி நேரம் என்று தனித்தனிப் பயிற்சி பெற்றதற்கு ஆவணம் வேண்டும். நியூயார்க் மிகவும் கறார். மருந்தை ஊசியாகச் செலுத்துவது அங்கே உரிமம் பெற்றவர்களின் வேலையாகவே இருந்துவருகிறது. ஹட்சன் ஆற்றுக்கு இந்தப் பக்கம், நியூஜெர்சியில், நாள் முழுக்க ஊசி போடும் எம்.ஏ., அந்தப் பக்கம் போனால் ஊசியைத் தொடக் கூடாது.

டெக்சஸ் போன்ற பல மாநிலங்களில் பள்ளிப் படிப்பு மட்டும் வைத்துக்கொண்டு சேர்ந்து வேலையிலேயே கற்கலாம். பெரிய குழுமங்கள் எந்த மாநிலத்திலும் சான்றிதழ் கேட்கும்; சில, வேலைக்குச் சேர்த்துக்கொண்டு தாங்களே பயிற்சி கொடுத்துத் தேர்வு எழுத வைக்கின்றன. அப்படி ஒரு வாய்ப்பு உங்கள் ஊரில் இருந்தால் வேறு எதையும் யோசிக்காமல் விண்ணப்பியுங்கள். சம்பளத்தோடு படிப்பு.

சி.எம்.ஏ., சி.சி.எம்.ஏ., ஆர்.எம்.ஏ.ன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எதை எடுக்கறது?

மூன்றும் வெவ்வேறு அமைப்புகள் தரும் சான்றிதழ்கள். சி.எம்.ஏ. தருவது ஏ.ஏ.எம்.ஏ.; வழக்கமான வழியில் போக, அங்கீகாரம் பெற்ற எம்.ஏ. படிப்பை முடித்திருக்க வேண்டும். 200 கேள்விகள், நாற்பது நிமிடப் பகுதிகள் நான்கு. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். சி.சி.எம்.ஏ. தருவது என்.ஹெச்.ஏ.; குறுகிய காலப் படிப்பு முடித்தவர்களும், குறைந்தது ஓராண்டு மேற்பார்வையில் வேலை பார்த்தவர்களும் எழுதலாம். மூன்று மணி நேரத் தேர்வு, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஆர்.எம்.ஏ. தருவது ஏ.எம்.டி.; அதிலும் படிப்பு வழி, அனுபவ வழி இரண்டும் உண்டு.

உங்கள் ஊர் வேலை அறிவிப்புகளைத் திறந்து எந்தப் பெயர் அடிக்கடி வருகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் 'இவற்றில் ஏதாவது ஒன்று' என்றுதான் இருக்கும். ஈ.ஏ.டி. கையில் இருந்து, சீக்கிரம் வேலைக்குப் போக வேண்டும் என்பவர்களுக்கு சி.சி.எம்.ஏ. போதும் என்பது என் கருத்து. ஓராண்டு கம்யூனிட்டி காலேஜில் (உள்ளூர் அரசுக் கல்லூரி) நிதானமாகப் படிக்க முடிகிறவர்கள் சி.எம்.ஏ. எடுங்கள்.

ஒரு தனியார் காலேஜ்ல 18,000 டாலர் கேக்கறாங்க. லேப்டாப் ஃப்ரீ, வேலைக்கு உத்தரவாதம்னு சொல்றாங்க. சேரலாமா?

வேண்டாம். மேலே சொன்ன கணக்கைத் திரும்பப் பாருங்கள். வாரம் 563 டாலர் வீடு வரும் வேலைக்கு 18,000 டாலர் கடன் என்றால், சோற்றுக்கும் டே கேருக்கும் ஒரு காசு செலவழிக்காமல் முப்பத்திரண்டு வாரம் உழைத்து அசலை மட்டும் அடைக்க வேண்டும். இதே தேர்வை எழுத வைக்கும் படிப்பு கம்யூனிட்டி காலேஜில் மிகக் குறைந்த செலவில் கிடைக்கும். ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும். உள்ளூர்வாசிக் கட்டணம் ஹெச்4 காரர்களுக்குப் பல மாநிலங்களில் உண்டு. அரசின் கல்வி உதவித்தொகை கிரீன் கார்டு இருந்தால் கேட்கலாம், ஹெச்4க்குக் கிடையாது.

எந்தக் கல்லூரியானாலும் கையெழுத்துப் போடும் முன் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள். படிப்புக்கு சி.ஏ.ஏ.எச்.இ.பி. அல்லது ஏ.பி.எச்.இ.எஸ். அங்கீகாரம் இருக்கிறதா? கிளினிக் பயிற்சி இடத்தை அவர்களே பிடித்துத் தருவார்களா, நீங்கள் அலைய வேண்டுமா? போன ஆண்டு சேர்ந்தவர்களில் எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது? மூன்றாவது கேள்விக்கு மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஊரில் படித்த பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழையும் பட்டத்தையும் இங்கே மதிப்பீடு செய்து வைத்துக்கொள்ளுங்கள். சில கல்லூரிகள் அதைப் பார்த்து ஆங்கிலம், உயிரியல் பாடங்களைத் தள்ளுபடி செய்யும்.

பயிற்சிக்கு முன்னாடி டி.பி. டெஸ்ட் எடுத்தாங்க, கை வீங்கிப் பாசிட்டிவ்னு சொல்லிட்டாங்க. என் கதை அவ்வளவுதானா?

பயப்படாதீர்கள். நம்மில் பெரும்பாலானவர்களுக்குச் சின்ன வயதில் பி.சி.ஜி. தடுப்பூசி போட்டிருப்பார்கள். இடது தோளில் அந்தத் தழும்பு இருக்கும். அந்த ஊசி போட்டவர்களுக்குத் தோல் சோதனையில் நோய் இல்லாமலே வீக்கம் வரலாம். அதனால் தோல் சோதனைக்குக் கையை நீட்டும் முன்பே, 'எனக்கு பி.சி.ஜி. போட்டிருக்கிறது, ரத்தப் பரிசோதனை எடுங்கள்' என்று கேளுங்கள். குவான்டிஃபெரான் போன்ற ரத்தப் பரிசோதனை பி.சி.ஜி.யால் ஏமாறாது. அதிலும் பாசிட்டிவ் வந்தால் எக்ஸ்ரே எடுத்து, தேவையானால் மாத்திரை கொடுப்பார்கள். உடம்பில் உறங்கும் கிருமி மற்றவருக்குத் தொற்றாது; அதற்காக வேலை போகாது.

தட்டம்மை, சின்னம்மை எதிர்ப்புசக்திக்கு ரத்தப் பரிசோதனை, பின்னணி விசாரணை, போதைப்பொருள் சோதனை, சி.பி.ஆர். பயிற்சி இவையும் கேட்பார்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை, ரத்தத்தோடு புழங்கும் வேலையில் சேர்ந்த பத்து வேலை நாளுக்குள் முதலாளி தன் செலவில் போட முன்வர வேண்டும் என்பது தொழில் பாதுகாப்புச் சட்டம். காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

என் இங்கிலீஷ் சுமார்தான். எடுப்பாங்களா? தமிழ் தெரிஞ்சதுல ஏதாவது பிரயோஜனம் உண்டா?

இலக்கண சுத்தமான ஆங்கிலத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை. போனில் ஒருவர் வேகமாகச் சொல்லும் மருந்துப் பெயரையும் பிறந்த தேதியையும் பிசகில்லாமல் எழுதத் தெரிய வேண்டும், புரியாவிட்டால் திரும்பக் கேட்கத் தயங்கக் கூடாது. புரிந்த மாதிரி தலையாட்டுவதுதான் இந்த வேலையில் ஆபத்து.

தமிழால் பெரிய பிரயோஜனம் உண்டு. ஊரிலிருந்து பிள்ளை வீட்டுக்கு வந்திருக்கும் அம்மா ஒருவர் மஞ்சப்பையில் மாத்திரை அட்டைகளைக் கொண்டுவந்து மேசையில் கொட்டுவார். டெல்மா, கிளைகோமெட், எகோஸ்பிரின். இங்கே படித்த எம்.ஏ.வுக்கு அந்தப் பெயர்கள் கணினியில் கிடைக்காது. அட்டையைத் திருப்பிப் பார்த்து டெல்மிசார்டன், மெட்ஃபார்மின், ஆஸ்பிரின் என்று மூலப்பெயரையும் மில்லிகிராமையும் ஏற்றுவீர்கள். டோலோ 650 என்பது இங்கே அசிட்டமினோஃபென் என்று விற்கும் மருந்துதான் என்பதையும் குறித்து டாக்டருக்குச் சொல்வீர்கள். ஒரே மருந்தை இரண்டு பெயரில் இரட்டிப்பாகச் சாப்பிடுவது அங்கேதான் தடுக்கப்படுகிறது.

ஆனால் மொழிபெயர்ப்பாளராக மாறிவிடாதீர்கள். அரசு நிதி பெறும் மருத்துவமனைகளும் கிளினிக்குகளும் தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளரைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. 'நீதான் தமிழ் ஆச்சே, கேன்சர்னு சொல்லிடு' என்றால், மொழித் தேர்வு எழுதித் தகுதி வாங்கித் தரச் சொல்லுங்கள். சில இடங்களில் அதற்குக் கூடுதல் கூலியும் உண்டு.

நான் ஊர்ல பி.எஸ்சி. நர்சிங். இங்க எம்.ஏ.வா சேர்ந்து அப்படியே ஆர்.என். ஆயிடலாமா?

'அப்படியே' ஆர்.என்., அதாவது ரெஜிஸ்டர்ட் நர்ஸ், ஆக முடியாது. எம்.ஏ. அனுபவம் நர்ஸ் உரிமத்துக்குக் கணக்கில் வராது. உங்கள் வழி வேறு: ஊர்ப் படிப்பைச் சி.ஜி.எஃப்.என்.எஸ். (இப்போது பெயர் ட்ரூமெரிட்) போன்ற அமைப்பிடம் மதிப்பீடு செய்து, மாநிலம் கேட்டால் ஆங்கிலத் தேர்வு எழுதி, என்.சி.எல்.இ.எக்ஸ். என்ற நர்ஸ் உரிமத் தேர்வில் தேற வேண்டும். ஆர்.என். நடுநிலைச் சம்பளம் 93,600 டாலர், எம்.ஏ.வை விட இரண்டு மடங்குக்கு மேல். ஊரிலிருந்து சான்றிதழ் வரவழைப்பது இழுத்தடிக்கும் வேலை. கல்லூரிக்கும் நர்சிங் கவுன்சிலுக்கும் அலைய அங்கே யாரையாவது பிடித்து இன்றைக்கே தொடங்குங்கள். காகிதம் வரும்வரை எம்.ஏ. வேலை பார்ப்பதில் தவறில்லை, இங்கத்திய கிளினிக் பழக்கம் கையில் வரும். அதிலேயே தங்கிவிடாதீர்கள்.

எம்.பி.பி.எஸ். முடித்தவர்களும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். ரெசிடென்சிக்கு (இங்கே டாக்டராக உரிமம் பெறத் தேவையான மருத்துவமனைப் பயிற்சி) முயலும்போது வருமானத்துக்கும், இங்கத்திய டாக்டர் ஒருவரின் அறிமுகத்துக்கும் எம்.ஏ. வேலை உதவும். கிளினிக்கில் நீங்கள் டாக்டர் இல்லை என்பதை மட்டும் ஒவ்வொரு நாளும் நினைவில் வைக்க வேண்டும். பி.டி.எஸ். என்றால் டென்டல் அசிஸ்டன்ட் வேலையைப் பாருங்கள், நடுநிலை 47,300 டாலர், உங்கள் படிப்புக்கும் பக்கத்தில்.

பையன் காலேஜ்ல ப்ரீ-மெட். கோடை லீவுல எம்.ஏ.வா போனா மெடிக்கல் ஸ்கூலுக்கு உதவுமா?

உதவும். மருத்துவப் பள்ளிகள் நோயாளிகளோடு பழகிய அனுபவத்தைப் பார்க்கின்றன. பி.ஏ. படிப்புக்கு இன்னும் முக்கியம், பல இடங்களில் ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் எதிர்பார்ப்பார்கள். கோடையில் மட்டும் வருகிற பிள்ளைக்குக் கிளினிக்குகள் நேரம் செலவழித்துக் கற்றுக்கொடுக்கத் தயங்கும். பட்டம் முடித்து விண்ணப்பிக்கும் இடைப்பட்ட ஆண்டில் முழு நேரமாகப் போவதுதான் இருவருக்கும் நல்லது. அந்த ஒரு வருஷத்தை 'வீணாப் போச்சு' என்று சொல்லாதீர்கள். ரத்தம் எடுக்கும்போது கை நடுங்குகிறதா, முதியவரிடம் பொறுமையாகப் பேச வருகிறதா என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும்.

அஞ்சு வருஷம் கழிச்சும் இதே இருபது டாலர்தானா? இதுக்கு எதிர்காலம் உண்டா?

வேலை கிடைப்பதில் கஷ்டமில்லை. 2024 முதல் 2034 வரை எம்.ஏ. வேலைகள் 12 சதவீதம் வளரும் என்று தொழிலாளர் புள்ளிவிவரத் துறை கணிக்கிறது. மற்ற தொழில்களின் சராசரியை விட மிக வேகம். முதியோர் பெருகுகிறார்கள், டாக்டர்களுக்கு நேரமில்லை. ஆண்டுதோறும் லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்கள் காலியாகும் என்பதும் அதே கணிப்பு. அதில் பெரும் பகுதி, இருப்பவர்கள் வேறு வேலைக்குப் போவதாலும் ஓய்வு பெறுவதாலும் வருவது. நிறையப் பேர் இதைத் தாண்டிப் போகிறார்கள் என்பதை அதிலேயே பார்க்கலாம்.

அதே இடத்தில் உயர்வதென்றால் லீட் எம்.ஏ., பிறகு கிளினிக் மேற்பார்வையாளர், பிறகு மேலாளர். கண், தோல், இதயம் போன்ற சிறப்பு மருத்துவர்களிடம் போனால் சில டாலர் கூடலாம். உண்மையான ஏற்றம் இன்னொரு உரிமத்தில்தான் இருக்கிறது. எல்.பி.என்., அதாவது ஆர்.என்.னுக்கு ஒரு படி கீழே உள்ள நர்ஸ், 62,340 டாலர். எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட் வேலைகள் அதற்கும் மேல். ஒவ்வொன்றுக்கும் தனிப் படிப்பு. இங்கேதான் பெரிய குழுமத்தில் வேலை பார்ப்பதன் லாபம்: ஊழியரின் படிப்புக்கு முதலாளி ஆண்டுக்கு 5,250 டாலர் வரை தந்தால் அதற்கு வருமான வரி இல்லை. பல மருத்துவமனைகள் இந்தத் தொகையைத் தருகின்றன; கேட்காதவர்களுக்குக் கிடைப்பதில்லை. வேலை நேர்காணலிலேயே கேளுங்கள். மணிக்கு ஒரு டாலர் கூடுதலாகத் தரும் சின்ன கிளினிக்கை விட இது பெரிது.

'1099ல போட்டுக்கறேன், வரி பிடிக்க மாட்டேன், முழுசா கைக்கு வரும்'னு கிளினிக் மேனேஜர் சொல்றாங்க. நல்லதுதானே?

நல்லதில்லை. எப்போது வர வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும் என்று அவர்கள் சொல்லி நீங்கள் செய்தால் நீங்கள் ஊழியர், உங்களுக்கு ஊழியருக்கான வரிப் படிவமான டபிள்யூ-2 தான் தர வேண்டும். 1099 என்றால் உங்களைத் தனி ஒப்பந்தக்காரராகக் காட்டுகிறார்கள். முதலாளி பங்கையும் சேர்த்து 15.3 சதவீதம் நீங்களே கட்ட வேண்டும், கூடுதல் நேரக் கூலி இல்லை, வேலை போனால் உதவித்தொகை இல்லை, ஊசி குத்திவிட்டால் விபத்து இழப்பீடும் இல்லை. கடைசிதான் என்னை மிகவும் பயமுறுத்துவது. ரத்தத்தோடு நாள்தோறும் புழங்கும் வேலையில் அந்தப் பாதுகாப்பு இல்லாமல் ஒரு நாள்கூட நிற்காதீர்கள்.

டாக்டர் பிஸியா இருக்கும்போது 'போன்ல வர்ற பேஷன்ட்டுக்கு நீயே ஏதாவது சொல்லிடு'ங்கறார். சில நாள் ஐ.வி. போடச் சொல்றார். மாட்டேன்னா வேலை போயிடுமோன்னு பயமா இருக்கு.

கஷ்டமான நிலைமைதான். எம்.ஏ. நோயாளியின் அறிகுறியைக் கேட்டு 'இது ஒன்றுமில்லை, வீட்டிலேயே இருங்கள்' என்று தானாக முடிவு சொல்லக் கூடாது; எல்லா மாநிலத்துக்கும் இது பொருந்தும். ஐ.வி. விஷயத்தில் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபாடு உண்டு, கலிஃபோர்னியாவில் எம்.ஏ. ஐ.வி. ஊசியைச் செருகவே கூடாது. உங்கள் மாநில மருத்துவ வாரியத்தின் இணையதளத்தில் எம்.ஏ. எதைச் செய்யலாம் என்று இருக்கும். அந்தப் பக்கத்தை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மறுப்பதற்கு ஒரு வழி சொல்கிறேன், எனக்குப் பலித்தது. 'மாட்டேன்' என்று தொடங்காதீர்கள். போனில் நோயாளி சொன்னதை அவர் வார்த்தையிலேயே, நேரத்தோடு, சார்ட்டில் எழுதி டாக்டருக்கு அனுப்புங்கள். 'நெஞ்சு வலி, காலை எட்டு மணியிலிருந்து, இடது கை மரத்துப் போகிறது' என்று எழுத்தில் கண்ணெதிரே வந்தால் எந்த டாக்டரும் தள்ளிவைக்க மாட்டார். அவர் சொல்லும் பதிலை அப்படியே நோயாளியிடம் சொல்லி, சொன்னதையும் எழுதுங்கள். நெஞ்சு வலி என்று கேட்டவுடன் 911ஐ அழைக்கச் சொல்லும் எழுத்து வழிமுறை ஒன்று கிளினிக்கில் இருக்க வேண்டும். இல்லை என்றால் ஒன்று எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். ஐ.வி.க்கு, 'டாக்டர், வாரிய விதி எனக்கு அனுமதி தரவில்லை, உங்கள் உரிமத்துக்கும் அது பிரச்சினை' என்று தனியாக, மரியாதையாகச் சொல்லுங்கள். இதற்குப் பிறகும் வற்புறுத்தும் இடத்தில் இருக்காதீர்கள். ஆள் பற்றாக்குறை உள்ள தொழில் இது, அடுத்த வேலை கிடைக்கும்.

நான் இன்னும் மதுரையிலதான் இருக்கேன். ஏஜென்சி ஒண்ணு 'அமெரிக்கா மெடிக்கல் அசிஸ்டன்ட் விசா' வாங்கித் தர்றேன்னு நாலு லட்சம் முன்பணம் கேக்குது. கட்டலாமா?

கட்டாதீர்கள். எம்.ஏ. வேலைக்கென்று ஒரு விசா கிடையாது. ஹெச்1பி என்பது பட்டப்படிப்பு கட்டாயமான வேலைகளுக்கு, எம்.ஏ.வுக்குப் பட்டம் தேவையில்லை என்பதாலேயே அது பொருந்தாது. நர்ஸ்களுக்கும் பிசியோதெரபிஸ்டுகளுக்கும் 'ஷெட்யூல் ஏ' என்ற பட்டியலின் கீழ் கிரீன் கார்டு வழியில் ஒரு சலுகை உண்டு. அந்தப் பட்டியலில் எம்.ஏ. இல்லை. உங்கள் ஏஜென்சி இரண்டையும் குழப்பிச் சொல்கிறதோ, தெரிந்தே சொல்கிறதோ, எப்படியானாலும் பணம் போய்விடும்.

'வீட்டிலிருந்தே அமெரிக்க கிளினிக்குக்கு விர்ச்சுவல் மெடிக்கல் அசிஸ்டன்ட்' என்று சென்னை, கோவையில் வரும் விளம்பரங்கள் வேறு வகை. அது இரவு ஷிஃப்ட்டில் இன்ஷூரன்ஸ் அனுமதி, சந்திப்பு நேரம் பதிவு, டாக்டர் பேசுவதைத் தட்டச்சு செய்வது போன்ற அலுவலக வேலை, ரூபாயில் சம்பளம். நல்ல நிறுவனம் என்றால் தாராளமாகச் செய்யலாம். வேலை தர உங்களிடம் வைப்புத்தொகை கேட்டால் அதையும் விட்டுவிடுங்கள். அமெரிக்கா வருவதுதான் நோக்கம் என்றால், நாலு லட்சத்தை நர்சிங் படிப்பில் போடுவது பற்றி வீட்டில் பேசுங்கள். வயதும் மதிப்பெண்ணும் இடம் கொடுத்தால் அந்த வழி நீளமானது, ஆனால் திறந்திருக்கிறது.